நான்காம் அறை

முதல் மூன்று மாதம் வெடிமருந்தைத் திட்டினேன். அப்புறம் ஈயக் குண்டைத் திட்டினேன். அதற்கும் அப்புறம், திட்டுவதற்கு வேறு யாரும் மிஞ்சாததால், என் கையையே திட்டிக்கொண்டேன். என்னுடைய .44 மேக்னம் ரிவால்வருக்கு நானே தோட்டா தயார் செய்து, ஐம்பது கஜத்தில் ஒரு சின்னக் காகிதத் தட்டுக்குள் ஆறு குண்டையும் இறக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஐந்து போகும். ஒன்று மட்டும் மேலே எங்கேயோ போய் உட்காரும். எந்த மருந்து போட்டாலும் அப்படித்தான்.

முதலில் வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். நம் செய்தித்தாள்களில் தோட்டாவும் குண்டும் ஒன்றுதான், இந்த வேலையில் அந்தக் குழப்பம் உதவாது. தோட்டா என்று நான் சொல்வது முழுச் சரக்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தருகிற பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் பறந்து போவது குண்டு மட்டும்தான், கூடு நம்மிடமே தங்கிவிடும், அதைச் சுருக்கி, புது பிரைமர் அடித்து, மருந்து அளந்து போட்டு, வாயில் இன்னொரு குண்டை அழுத்தி வைத்தால் மறுபடி தோட்டா. இதைத்தான் இங்கே ஹேண்ட்லோடிங் என்கிறார்கள். தன் உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, விற்கப் போனால் தேவை.

இங்கே என்றால் டெக்ஸஸ். சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே, சுண்ணாம்புக் கல்லும் ஓக் மரமுமாக மேடு பள்ளமான ஹில் கன்ட்ரி. பகலில் கம்ப்யூட்டர் வேலை. ஹெச்-1பியில் வந்தவர்கள் துப்பாக்கியே தொடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு, அது பாதி உண்மை. குடியேற்றமல்லாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது, ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கும் தருகிறது. நான் வம்பே வேண்டாம் என்று கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். டெக்ஸஸில் 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும், அதையும் முடித்தேன். காட்டுப்பன்றிக்கு மட்டும், 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் லைசென்ஸே வேண்டாம். வருடம் முழுக்க சுடலாம். அவ்வளவு அட்டகாசம் அந்தப் பன்றிகள். ஒரே ராத்திரியில் ஒரு வயலை டிராக்டர் விட்ட மாதிரி கிளறிப் போட்டுவிடும்.

ரைஃபிளால் சுட்டால் வேலை சுலபம், எனக்கும் தெரியும். ரிவால்வரால் சுட ஆசைப்பட்டதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. வலை இருக்கும்போது ஏன் தூண்டில் போடுகிறாய் என்று கேட்கிற மாதிரிதான்.

ஏன் கடைத் தோட்டா போதாது? பணம் மிச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய். ஒரு தோட்டாவுக்கு ஆகிற செலவு குறைவுதான், ஆனால் நூறு போடுகிற இடத்தில் ஐந்நூறு போடுவோம், அப்புறம் கூட்டை அழுத்துகிற பிரஸ், அதில் மாட்டுகிற அச்சான டை, தராசு என்று வாங்கிக்கொண்டே இருப்போம். போதாததற்கு 2020-லும் 2021-லும் பிரைமர் எங்குமே கிடைக்காமல் போய், கிடைத்த இடத்தில் யானை விலை. உண்மையான காரணம், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ருசி உண்டு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது. கம்பெனி எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் சமைக்கிறது, நீ உன் துப்பாக்கிக்கு மட்டும் சமைக்கலாம் என்றார். அவர் விமானப் படைத் தளத்தில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. பேச்சு குறைவு, அளவு அதிகம்.

.44 மேக்னம் பிறந்ததே இப்படி வீட்டில் நிரப்பியவர்களால்தான். ஐடஹோவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்பவர் பழைய .44 ஸ்பெஷல் கூட்டில் அளவுக்கு மேல் மருந்து நிரப்பி, தானே வடிவமைத்த தட்டை மூக்கு ஈயக் குண்டை வைத்து, மானும் எல்க்கும் சுட்டு, இதைக் கம்பெனிக்காரர்கள் ஏன் செய்து விற்கக் கூடாது என்று பத்திரிகைகளில் வருடக்கணக்காக எழுதித் தள்ளினார். கடைசியில் 1955 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் ரெமிங்டன் தோட்டாவையும் கொண்டுவந்தன. கூட்டை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டினார்கள், புதுத் தோட்டா தெரியாத்தனமாகப் பழைய துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. பெயரில்தான் .44, குண்டின் விட்டம் உண்மையில் .429 அங்குலம். இந்த ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்குதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது, அதனால் அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கிரெயின் மருந்து போட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். என் துப்பாக்கியும் என் குண்டும் என் மருந்து டப்பாவின் தயாரிப்பு வரிசையும் உங்களுடையது அல்ல. மருந்துக் கம்பெனியே அட்டவணை போடுகிறது, அதன் ஆரம்ப அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது. .44 மேக்னத்துக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, முகத்துக்கு இரண்டடி முன்னால். கிரெயின் என்பதும் கண்ணால் பார்த்துச் சொல்கிற எடை அல்ல. நம் தட்டான் தராசில் வைக்கிற குன்றிமணி இருக்கிறதே, அதில் ஏறக்குறைய பாதிதான் ஒரு கிரெயின். நான் அதிலும் பத்தில் ஒரு பங்கைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

துரத்தின கதையைச் சொல்கிறேன். முதலில் எடுத்தது ஹெச்110 என்ற மருந்து. வின்செஸ்டர் 296 என்று வேறு டப்பாவில் வருவதும் அதேதான். பொடிப்பொடியாகத் தண்ணீர் மாதிரி அளவியில் ஓடும், மெதுவாக எரியும், கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும், அதனால் தப்பித்தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிடிவாதக்காரப் பிள்ளை. குறைத்துப் போட்டால் ஒழுங்காகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, கம்பெனியே குறைக்காதே என்று எச்சரிக்கிறது. மேக்னம் பிரைமர் வேண்டும், குண்டை இறுக்கிப் பிடிக்கிற கூடு வேண்டும். அடுத்தது 2400. அது கீத் காலத்து மருந்து, மேலும் கீழும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் எரியாத துகள்களை, ஆறு தோட்டாவும் உட்காருகிற உருளைக்கடியில் உமி மாதிரி விட்டுவைக்கும். இரண்டிலும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு அளவுக்கும் பன்னிரண்டு தோட்டா, சனிக்கிழமை தோறும் ரேஞ்சில் மணல் மூட்டை மேல் கையை வைத்துச் சுட்டு, காகிதத்தைக் கொண்டுவந்து வெர்னியரால் அளந்து நோட்டில் எழுதினேன்.

மணல் மூட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும், அங்கிருந்து பக்கவாட்டில் பீறிடுகிற வாயு கத்தி மாதிரி. முதல் நாளே என் தோல் மூட்டையில் ஒரு கோடு கிழித்தது. ரைஃபிள் பிடிக்கிற பழக்கத்தில் இடது கையை முன்னால் கொண்டுபோயிருந்தால் கிழிந்திருப்பது விரல்.

நோட்டைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் வைத்திருந்தேன், ஆறு சுட்டால் ஆறு எண். 240 கிரெயின் குண்டுக்கு வினாடிக்கு 1,270, 1,282, 1,275 அடி என்று போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒன்று மட்டும் 1,230. ஒரு நாள் அது இரண்டாவது எண்ணாக வரும், இன்னொரு நாள் ஐந்தாவதாக. ஒழுங்கே இல்லாமல் வந்ததால், மருந்து அளவியில் எங்கோ தவறு என்று முடிவு கட்டினேன். அளவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசில் நிறுத்துப் போட்டேன், ஒரு ராத்திரிக்கு நாற்பது தோட்டா, கண் பூத்துப்போகும். அப்படியும் அந்த ஒன்று வந்தது. கூடுகளை எல்லாம் ஒரே நீளத்துக்குச் சீவினேன். வந்தது. பிரைமரை மாற்றினேன். வந்தது. விசையை இழுக்கும்போது கண்ணை மூடுகிறேனோ என்று சந்தேகப்பட்டு, உருளையில் காலிக் கூடு ஒன்றை நடுவே கலந்து வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கை ஆடியது, ஒத்துக்கொள்கிறேன், மற்றபடி கை சாது.

குண்டை நானே வார்ப்பதற்குப் போனது அப்போதுதான். பன்றியின் தோளில், வயதான கிடாவுக்கு, அதாவது ஆண் பன்றிக்கு, கேடயம் மாதிரித் தடித்த ஒரு படலம் இருக்கும், அதைத் துளைத்து மறுபக்கம் வர கடினமான ஈயக் குண்டு நல்லது என்பார்கள். லைமன் கம்பெனியின் 429421 என்ற அச்சு, கீத்தின் வடிவம். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து உருக்கி ஊற்ற வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி, கையுறை கண்ணாடி எல்லாம் போட்டு. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் போதும், நீராவியாக வெடித்து ஈயத்தை முகத்தில் அள்ளி இறைக்கும். டெக்ஸஸ் வெயிலில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்று கேட்காதீர்கள், குளிர்காலத்தில்தான் வார்ப்பேன். அந்தச் சட்டை வீட்டுக்குள் வராது, குழந்தை இருக்கிற வீடு. வருடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதனையும் செய்துகொள்கிறேன்.

ஈயக் குண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஐந்தும் ஒன்றும் என்பது மாறி, நாற்பது ஐம்பது தோட்டாவுக்குப் பிறகு எல்லாமே சிதற ஆரம்பித்தன. குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தால் வரிகளில் ஈயம் சாம்பல் நிறத்தில் பூசியிருந்தது. ஒரு சாயங்காலம் பித்தளைப் பிரஷ்ஷால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் வேலி ஓரமாக வந்து நின்றார். நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

“எல்லாம் எழுதியிருக்கிறாய். எந்தக் குண்டு எந்த அறையிலிருந்து போனது என்று எங்கே?”

எழுதவில்லை. தோன்றவே இல்லை. ரைஃபிளுக்குத் தோட்டா உட்காருகிற அறை ஒன்று, குழல் ஒன்று. ரிவால்வர் என்பது ஒரே குழலை மாறி மாறிப் பங்குபோட்டுக்கொள்கிற ஆறு துப்பாக்கி. ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கம் ஒரு வாய் உண்டு, குண்டு கூட்டை விட்டுக் கிளம்பியதும் அந்த வாயைத் தாண்டித்தான் குழலுக்குள் நுழைகிறது. ஆறு வாயும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும், அது குண்டின் விட்டத்தைவிடத் துளியும் குறையக் கூடாது. நானோ உருளையை எங்கிருந்து நிரப்ப ஆரம்பித்தேன் என்பதைக்கூடக் கவனித்ததில்லை, அதனால்தான் அந்த 1,230 ஒரு நாள் இரண்டாவதாகவும் ஒரு நாள் ஐந்தாவதாகவும் வந்து என்னை ஏமாற்றியது.

அவர் ஒரு வார்ப்புக் குண்டை எடுத்து, துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, உருளையைக் கழற்றி, முன்பக்கமாக ஒவ்வொரு வாயிலும் கட்டைவிரலால் தள்ளினார். ஐந்து வாயில் லேசாகத் தடவிக்கொண்டு போனது. ஒன்றில் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். நகரவில்லை. அவ்வளவுதான் சோதனை. பத்து பைசா செலவில்லை, அரை நிமிடம். நான் மூன்று மாதத்துக்கும் மேலான நேரமும் ஏழெட்டுப் பவுண்டு ஈயமும் செலவழித்திருந்தேன்.

அப்புறம் வீட்டிலிருந்து பின் கேஜ் பெட்டியைக் கொண்டுவந்தார். பென்சில் துண்டு மாதிரி எஃகு ஊசிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பருமன், நம் ஊர் லேத் பட்டறைகளில் ‘தௌ’ என்பார்களே அது. ஐந்து வாய் .431. அந்த ஒன்று .428 கூடத் தேறவில்லை. என் குண்டு .430. ஆக அந்த அறையில் மட்டும் குண்டு வாயிலேயே பிழியப்பட்டு, மெலிந்து, .429 விட்டமுள்ள குழலுக்குள் லொடலொடவென்று போயிருக்கிறது. ஓரமெல்லாம் வாயு கசிந்து, ஈயத்தை உருக்கி, குழலில் பூசியிருக்கிறது. வேகம் குறைந்ததும் அதனால்தான்.

வேகம் குறைந்தால் குண்டு கீழே அல்லவா போக வேண்டும், என் ஒற்றைக் குண்டு மேலே போகிறதே என்று கேட்டேன். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரிவால்வர் சுட்ட கணத்திலேயே உதைத்து மூக்கைத் தூக்க ஆரம்பித்துவிடுகிறது, குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. வேகமான குண்டு, குழல் அதிகம் எழும்புவதற்குள் வெளியேறிவிடும். மெதுவான குண்டு ஒரு துளி அதிக நேரம் உள்ளே இருக்கும், அதற்குள் குழல் இன்னும் கொஞ்சம் மேலே பார்த்துவிடும். அதனால் கைத்துப்பாக்கியில், குறைந்த தூரத்தில், மெதுவான குண்டுதான் உயரே அடிக்கும். மருந்தைக் கூட்டக் கூட்டக் காகிதத்தில் அடி கீழே இறங்குவதை என் நோட்டிலேயே எழுதியிருந்தேன். காரணம் தெரியாமல் எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் மனைவியின் நகப்பூச்சை எடுத்து உருளையின் பின்பக்கம் ஒரு அறைக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்தேன், அது ஒன்றாம் நம்பர். அங்கிருந்து எண்ணினால் குறுகல் வாய் நான்காவது. முப்பது தோட்டா, ஒரே அளவு மருந்து, எல்லாம் செப்பு உறை போட்ட கடைக் குண்டு, ஈயப் பூச்சு குறுக்கே வராமல் இருக்க. அறைக்கு ஐந்து, ஆறு காகிதம். ஐந்து காகிதத்தில் அடி நடுவில். நான்காம் அறையின் காகிதத்தைப் பார்க்கத்தான் வேடிக்கை. தனியாகப் பார்த்தால் அதுதான் நல்ல பிள்ளை, ஐந்தும் இரண்டு அங்குலத்துக்குள், மற்ற சிலதைவிட நெருக்கம். என்ன, எல்லாரும் இருக்கிற இடத்துக்கு நான்கு அங்குலம் மேலே, கொஞ்சம் வலப்பக்கம் தனிக்குடித்தனம்.

துப்பாக்கி பழசு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்ததோ, கம்பெனி பெயரைச் சொல்லி இங்கே பஞ்சாயத்து வேண்டாம். ஊரில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன், ரீமர் விட்டு அந்த வாயை மற்ற ஐந்தின் அளவுக்குத் திறந்து கொடுத்தார். ஒரு வாரம். நீயே செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். மூன்று சொச்சம் தௌ எடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து எடுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது, அதனால் காசு கொடுத்தேன், வருத்தமில்லை.

அதற்கப்புறம்தான் தோட்டா வேலையே உண்மையில் ஆரம்பித்தது. பழைய நோட்டின் முடிவுகள் எல்லாம் குப்பை, புது நோட்டு. ஹெச்110-உம் வார்ப்புக் குண்டும் சேர்ந்து ஐம்பது கஜத்தில் ஆறையும் இரண்டு அங்குலத்துக்குள் போட்டன. 2400-இல் இரண்டரை, இரண்டேமுக்கால். ஹெச்110 என்று முடிவு செய்து நூறு தோட்டா நிரப்பியும் விட்டேன். பெரியவர், “ஐந்து சுடு, ஆறாவதை அள” என்றார்.

இது ரிவால்வருக்கே உரிய தொல்லை. ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது, மற்ற அறைகளில் காத்திருக்கிற தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் இழுபடுகிறது, உள்ளே உட்கார்ந்திருக்கிற கனமான குண்டோ வரமாட்டேன் என்று அதே இடத்தில் நிற்கப் பார்க்கிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்கிறவன் சாய்வானே, அதே கதை. ஒவ்வொரு உதைக்கும் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். நழுவி உருளையின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டால் உருளை சுற்றாது, துப்பாக்கி பூட்டிக்கொண்ட மாதிரி. ரேஞ்சில் நடந்தால் எரிச்சல். காயம்பட்ட பன்றிக்கு முன்னால் நடந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆறாவதை அளந்தேன். முப்பது தௌ முன்னால் வந்திருந்தது. அடுத்த ஆறில் நாற்பது.

கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடிக்கிற கிரிம்ப் போதவில்லை என்று நினைத்து டையை இன்னும் இறுக்கினேன். அது தப்பு. அளவுக்கு மீறி மடித்தால் கூட்டின் கழுத்து வெளியே புடைத்து, குண்டின் மேலிருக்கிற பிடியே தளர்ந்துவிடுகிறது. உண்மையான பிடி மடிப்பில் இல்லை, கூட்டின் சுவர் முழு நீளத்துக்கும் குண்டை இறுக்கிக்கொண்டிருப்பதில் இருக்கிறது, மடிப்பு அதற்குக் காவல் மட்டும். என் பெட்டியில் வந்த விரிப்பு முளை, அதாவது குண்டு உட்காருவதற்காகக் கூட்டின் வாயைத் திறக்கிற டை, தேவைக்கு மேல் பருமனாக இருந்தது. பெரியவரின் லேத்தில் வைத்து எமரி பேப்பரால் இரண்டு தௌ குறைத்தோம். குண்டை அழுத்தி உட்காரவைப்பதையும் வாயை மடிப்பதையும் ஒரே டையில் ஒரே அடியில் செய்துகொண்டிருந்ததை இரண்டாகப் பிரித்தேன். பல தடவை சுட்டுக் கெட்டிப்பட்டு இறுக்கம் இழந்த பழைய கூடுகளை ஒதுக்கினேன். மூன்றும் சேர்ந்துதான் அதைக் கட்டுப்படுத்தின. ஹெச்110-இல் எட்டு தௌ நகர்ந்தது. 2400-இல், கொஞ்சம் குறைந்த வேகத்தில், ஒன்று அல்லது இரண்டு தௌ, சில சமயம் ஒன்றுமே இல்லை.

எட்டு தௌ ஒன்றும் துப்பாக்கியைப் பூட்டாது. ஆனாலும் 2400-ஐ எடுத்துக்கொண்டேன். அரை அங்குலம் அகலமாகப் போடும், வினாடிக்கு எண்பது அடி குறைவு, காகிதத்தில் பார்த்தால் தோற்ற தோட்டா. பெஞ்சில் உட்கார்ந்து சுடும்போதுதான் அந்த அரை அங்குலம் தெரியும். காட்டில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்து, மூச்சு வாங்க, வெளிச்சம் போகிற நேரத்தில் சுடும்போது என் கையே ஐந்து அங்குலம் போடுகிறது. குறைந்த உதையில் இரண்டாவது குண்டை வேகமாகச் சரியாகப் போட முடிகிறது, அது எனக்கு எண்பது அடியைவிடப் பெரிது. கனமான உதையில் பழகினால் வருவது கை நடுக்கம், அப்புறம் அதைத் தீர்க்க ஒரு மருந்தும் கடையில் கிடைக்காது.

தூரத்தையும் இதே கணக்கில்தான் முடிவு செய்தேன். ஆறு அங்குலக் காகிதத் தட்டு, காட்டில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து ஆறு குண்டு. ஆறும் தட்டில் இருக்கிற கடைசி தூரம் எதுவோ அதுதான் எல்லை. எனக்கு நாற்பது கஜம். எழுபத்தைந்தில் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கை வேறு.

அக்டோபர் கடைசியில் நண்பரின் நிலத்துக்குப் போனேன். ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு ஓக் அடியில், காற்று என் முகத்துக்கு வருகிற மாதிரி. காதில் எலெக்ட்ரானிக் மஃப், சருகு நகர்கிற சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், வெடியை அடக்கும். வேட்டையில் யாரும் காது மூட மாட்டார்கள் என்று வீரம் பேசுகிறவர்களிடம் அவர்கள் காதிலேயே ரகசியமாக ஏதாவது சொல்லிப் பாருங்கள். ஆறு மணிக்கு எதிர்க்கரையில் ஒரு கூட்டம் இறங்கியது, எழுபது கஜம், நல்ல பெரிய பன்றி பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியின் சுத்தியலைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று இருந்தது. போய்விட்டன.

இருட்டுவதற்குக் கால் மணி முன்னால் ஒற்றையாக ஒரு கிடா, ஓடை ஓரமாகவே முனகிக்கொண்டு வந்தது, முப்பது கஜத்துக்கும் குறைவு. தோளுக்குப் பின்னால் இல்லை, தோளிலேயே வைத்தேன். குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய்விட்டது, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பத்தடி ஓடி விழுந்தது. எந்த அறையிலிருந்து போனது என்று கேட்பீர்கள். ஒன்றாம் அறை. சிவப்புப் புள்ளியிலிருந்துதான் இப்போதெல்லாம் ஆரம்பிக்கிறேன்.

பன்றியை உரிக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காட்டுப்பன்றி ரத்தத்திலிருந்து புருசெல்லோசிஸ் தொற்றும். கறியும் நன்றாக வேக வேண்டும், உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை. எங்கள் வீட்டில் மிளகு போட்டு வறுக்கிற வறுப்பில் அந்தக் கவலையே இல்லை. பாதிக் கறி நிலத்துக்காரருக்கு, ஒரு தொடை பெரியவருக்கு.

எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் போட்டு வீடு வந்து சேர பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. கை கழுவிவிட்டு ஷெட்டில் விளக்கைப் போட்டு, மீதி ஐந்து தோட்டாவை உருளையிலிருந்து எடுத்து வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக வெர்னியரில் வைத்தேன். ஒரே ஒரு உதைதான், நகர்ந்திருக்க வழியே இல்லை, தெரியும், இருந்தாலும் அளந்தேன். ஐந்தாவதை அளக்கும்போது சமையலறை ஜன்னலிலிருந்து, “மணி என்னங்க ஆகுது, அந்த அஞ்சும் காலையில அங்கேயேதான் இருக்கும்” என்று குரல் வந்தது.